முன்வீட்டுச் செருமல்

வேலையிடத்தில், மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில், வேலையிடத்திலேயே சாப்பிட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நாலாம் மாடியில், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் போவது அங்கேதான்.

அந்த வீட்டுக்காரர்கள் கனடாவில். வெள்ளவத்தையில் மாடிக்கு ஒரு வீடாவது இப்படிக் கிடக்கும். வாங்கியவர்கள் ரொரன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள், பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும். திறப்பு வைத்திருப்பவருக்கு வேலைகள் உண்டு. வெள்ளிக்கிழமை சாமித்தட்டில் விளக்கேற்ற வேண்டும். யன்னல்களைத் திறந்து காற்று விட வேண்டும். பைப்புகளைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் கடற்காற்றுக்கு இறுகிவிடும். ஆளில்லாத வீட்டில் வேறு ஏதாவது குடிவந்துவிடும் என்று எங்கள் சனம் வாய்விட்டுச் சொல்லாது. விளக்கை மட்டும் தவறாமல் ஏற்றச் சொல்லும்.

முன்வீட்டு அன்ரி, கணவர் இறந்த பிறகு மகனோடு போய்விட்டார். போகிற அன்று திறப்பை என் கையில் வைத்து, "பிள்ளை, வெள்ளியில ஒருக்கா எட்டிப் பாத்தால் காணும்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எதிரெதிர் வாசலில் எத்தனையோ வருடம் இருந்தும் நாங்கள் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததுதான் அதிகம், கதைத்தது குறைவு. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் காலி வீதியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் முன்மேசையில் இருப்பவள். டொக்டர்மாரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பது, மைக்கில் நம்பர் கூப்பிடுவது, டொக்டர் பிந்தி வந்தால் அவருக்குப் பதிலாகத் திட்டு வாங்குவது, இவை என் வேலை. தமிழில் ஒரு திட்டு, சிங்களத்தில் ஒரு திட்டு, கோட்டுப் போட்டு வந்தவரென்றால் ஆங்கிலத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே சிரிப்பைச் சிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் வீடு நிறையச் சனம். கணவர், இரண்டு பிள்ளைகள், அவர்களைத் தவிர எந்த நேரமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் யாராவது ஒருவர். பாஸ்போர்ட் எடுக்க, விசாவுக்கு, களுபோவிலை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க, கண் ஒப்பரேஷனுக்கு, ஒன்றுமில்லாவிட்டால் கலியாணச் சீலை எடுக்க. ஒருவர் படுத்த பாயின் சூடு ஆறுமுன் அடுத்தவர் வந்துவிடுவார். நல்ல மனிதர்கள். பனங்கட்டியும் மோர்மிளகாயும் கொண்டு வருவார்கள். ஆனால் கதைப்பார்கள். நான் சமைக்கக் குசினிக்குப் போனால் குசினிக்கு வந்து கதைப்பார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கதையை முடித்த ஒருவரும் இருந்தார்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். லொறிச் சத்தமும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஓயாத தெரு, மூன்று குடும்பம் ஒன்றாய் இருந்த வீடு. அங்கேயும் எனக்கு ஓர் இடம் இருந்தது. குளியலறையில் வாளிக்குள் பைப்பைத் திறந்துவிட்டு, குளிக்காமல், வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே ஏச்சு விழும். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது.

எங்கள் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு சின்னப் பெண், ஒருநாள் ஃபோனில் ஏதோ வாசித்துவிட்டு, "மிஸ், நீங்க இன்ட்ரோவர்ட்" என்றாள். அப்படிப்பட்டவர்கள் வேலைநாளின் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே போய் இருந்து தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஒரு அப் கூட இருக்கிறதாம், நேரத்துக்கு மணியடித்துக் கூப்பிடுமாம். நாற்பது கடந்த பிறகு என் வருத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. எனக்கு மணியடிக்க அப் தேவையில்லை. பதினொரு மணிக்கெல்லாம் நெஞ்சுக்குள் அடிக்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் மத்தியானம் நான் போக முடியவில்லை. டொக்டர் பிந்திவிட்டார், சனம் வாசல்வரை நின்றது. பின்னேரம் மைக்கில் ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். கூரையிலிருந்து கேட்ட குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒரு வயதானவர் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பாஷை கதைக்கிறார் என்றே விளங்கவில்லை. தமிழ்தான் கதைத்தாராம், பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்தேன். அந்த மத்தியானக் கால் மணித்தியாலத்தை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

ஆகவே போவேன். லிஃப்டில் போனால் மணியடித்துக் காட்டிக் கொடுத்துவிடும், படியால்தான் ஏறுவேன். நாலாம் மாடி வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் விருந்தாளியின் குரல் கேட்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்வீட்டுப் பூட்டைத் திறப்பேன். கள்ளன்கூட அவ்வளவு பதமாகத் திறக்கமாட்டான்.

உள்ளே ஹோலில், வாங்கிய அன்று போட்டிருந்த பிளாஸ்டிக் உறை கழற்றாமலே ஒரு நீள மெத்தைச் செற்றி. நின்றுபோன மணிக்கூடு. மாலை போட்ட அங்கிளின் படம். இழுத்து மூடிய திரைச்சீலை. கடற்கரை ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று மெதுவாய் முட்டும், ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கும். செற்றியின் ஓரத்தில் இருந்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலில் பாதியைச் சாப்பிடுவேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலையை முதலிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். யார் யாரோடு கதைத்தேன், எந்தச் சிரிப்பு உண்மையாக வந்தது, எந்தச் சொல்லுக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. அரிசியில் கல்லுப் பொறுக்குகிற மாதிரியான வேலை. பொறுக்கி முடிந்ததும் எழும்பி வேலைக்குப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி, ஹோலின் மூலையில் இருந்த சாமித்தட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பிள்ளையாருக்கு, முருகனுக்கு, லட்சுமிக்கு, மணிக்கு, பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தின் நடுவே இருந்த குட்டி வெள்ளை விளக்குக்கும். அன்ரியின் மகன் கடைசியாக வந்துபோன பிறகு அங்கே இருந்த விளக்கு அது. உருண்டை முகம், அதில் ஒரு புள்ளி வெளிச்சம், சில நேரம் சிவப்பு, சில நேரம் நீலம். கனடாக்காரர் கொண்டுவருகிற சாமானுக்கெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? சாமித்தட்டில் இருந்தால் சாமிச் சாமான். நடு நெற்றியில் பொட்டு வைத்தேன்.

அது ஒரு மழைநாள். ஹோல் வழமையைவிட இருட்டாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தபோது ஒரு யோசனை வந்தது. நான் இனி வெளியே போகாவிட்டால் என்ன? வீட்டில் இருக்கிறேன் என்று வேலையிடத்தில் நினைப்பார்கள். வேலையில் இருக்கிறேன் என்று வீட்டில் நினைப்பார்கள். தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இந்தச் செற்றியில் இப்படியே இருந்து, அலுமாரிக் கோப்பைகளில் ஒன்றாக ஆகிவிடலாம். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. இனித்ததுதான் பயமாக இருந்தது.

அப்போது அறைக்குள் யாரோ செருமினார்கள்.

எங்கள் வீடுகளுக்கு வருகிறவர்கள், தாங்கள் வருவது உள்ளே தெரியட்டும் என்று வாசலில் நின்று செருமுவார்களே, அந்தச் செருமல். பெண் குரல், மிகவும் கிட்ட. கண்ணைத் திறந்தேன். ஹோலில் யாரும் இல்லை. சோற்றுப் பார்சலைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டு அறையையும் பார்த்தேன். மெத்தைகள் சுவரோடு நிமிர்த்தி வைத்தபடி இருந்தன. குளியலறையில் காய்ந்த வாளி. குசினியில் கவிழ்த்து வைத்த பானைகள். பக்கத்து வீட்டுச் சுவரால் வந்த சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். அந்தப் பக்கத்தில் பக்கத்து வீடே இல்லை, வெறும் வெளிச்சுவர் என்பது பாதிப் படியில்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த கிழமை ஒரு பெருமூச்சும், அதன் முடிவில் "முருகா" என்ற சொல்லும் கேட்டன. களைத்துப்போன, வயதான குரல். இன்னொரு நாள் மூச்சு மட்டும் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது நிற்கவில்லை. ஆகவே அது என்னுடையது இல்லை என்று தெரிந்தது, அதில் ஆறுதலும் இருந்தது. ஏனென்றால் என் பெரிய பயம் வேறு. இத்தனை வருடமாக எனக்குள்ளேயே கதைத்துக் கதைத்து, உள்ளே இருந்தது வெளியே வந்து நடமாடப் பழகிவிட்டதோ என்றுதான் நான் பயந்தேன்.

"ஆர்?" என்று ஒருநாள் கேட்டேன். சாமித்தட்டில் நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

போகாமல் விட்டிருக்கலாம். புத்தியுள்ள எவரும் விட்டிருப்பார். நான் அடுத்த நாளும் போனேன். பேயாகவே இருக்கட்டும், அது என்னிடம் விசா விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லவில்லையே. நம்பர் எப்போது வரும் என்று கேட்கவில்லையே. பயந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் இருந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அன்ரியின் மகன் கனடாவிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. சாமித்தட்டில இருக்கிற கமராவில சந்தனம் பட்டிருக்குப் போல. அம்மாக்கு நடுவில மஞ்சளாத் தெரியுதாம். அடுத்தமுறை போகேக்க ஒருக்காத் துடைச்சு விடுறீங்களோ?"

"என்ன கமரா?" என்றேன்.

"அண்ணையிட்டச் சொன்னனானே அக்கா. உங்கட வைபையிலதான் போட்டுவிட்டனான்" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டுக் கணவரிடம் போனேன். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ, அதுவோ. வெள்ளிக்கிழமை விளக்கெரியிறதை அன்ரி அங்கயிருந்து பாக்கிறதுக்கு. அங்க திறந்து பாத்தால் இங்க நீலமா எரியும், அதில கதைக்கவும் ஏலும். உமக்குச் சொல்லேல்லையே நான்?" என்றார், கண்ணை ரிவியிலிருந்து எடுக்காமல். வைபை இழுக்குது என்று பிள்ளைகள் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்ததற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எங்கள் வீட்டு வைபையில் ஓடியிருக்கிறது.

அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நான் அங்கே என்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அழுதிருக்கிறேன். வெக்கை தாங்காமல் சீலையைத் தளர்த்திவிட்டு நிலத்தில் மல்லாந்து கிடந்திருக்கிறேன். எங்கள் பெரிய டொக்டர் மூக்கால் கதைப்பதை நடித்துப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட, ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறேன். ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதை மற்றவர் பார்ப்பது போல ஒரு களவு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மத்தியானம் போய், முருகனுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்து அந்தக் கமராவை மூடினேன். செற்றியில் போய் இருந்தேன். கண்ணை மூட முடியவில்லை. பட்டுக்குள் இருந்து புள்ளி வெளிச்சம் தெரிந்தது. நீலம், சிவப்புத் துணிக்குள்ளால் கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது. பார்க்க முடியாத ஒருவர் அங்கேயே நிற்கிறார் என்று விளங்கியது.

"பிள்ளை" என்றது துணி.

நான் அசையவில்லை.

"பிள்ளை, கோவம் போல."

"அன்ரி, பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ!" கத்தியேவிட்டேன். பிறகு எதிரே எங்கள் வீடு இருப்பது ஞாபகம் வந்து குரலைத் தணித்தேன். "எனக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிறதே இந்தக் கொஞ்ச நேரம்தான் அன்ரி. அதுக்கும் காவலுக்கு ஆள் வேணுமோ?"

துணிக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கும் கிடைக்கிறது அவ்வளவுதான் பிள்ளை" என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இடையிடையே நின்று நின்று சொன்னார்.

"இங்க இப்ப விடியப்புறம். மகன்ர வீட்டு பேஸ்மென்டில இருக்கிறன். குறையொண்டுமில்லை, நல்லாத்தான் பாக்கினம். ஆனால் மேல ஓயாமல் ஆள் நடமாட்டம். பேரப்பிள்ளையள், மருமகளின்ர ஆக்கள், ரிவி. ஒருத்தர் மாறி ஒருத்தர் வந்து, என்னம்மா தனிய இருக்கிறியள் எண்டு கேட்டுக் கேட்டு என்னைத் தனிய இருக்க விடுகினமில்லை. இவையெல்லாம் படுத்தாப் பிறகு ஃபோனைத் திறந்து என்ர ஹோலுக்குப் போவன். ஒருத்தரும் இல்லாத ஹோல். ரயில் போனால் கோப்பையள் கிலுங்கும். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால்தான் எனக்கு அடுத்த நாளைக்குத் தாங்கும்."

நான் அலுமாரிக் கோப்பைகளைப் பார்த்தேன்.

"ஒருநாள் திறந்து பாத்தால் என்ர செற்றியில ஒரு பொம்பிளை. வெள்ளிக்கிழமையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல். முகமெல்லாம் மஞ்சள். பேயெண்டே நினைச்சிட்டன் பிள்ளை. போர்வைக்குள்ள இருந்துகொண்டு நடுங்கினன். அடுத்த நாளும் அதே பொம்பிளை, அதே மூலை. உயிருள்ளதோ இல்லையோ எண்டு பாக்கத்தான் செருமினனான்."

"மஞ்சள் நான் வைச்ச பொட்டு அன்ரி" என்றேன்.

துணிக்குள் இருந்து சிரிப்பு வந்தது. எனக்கும் வந்துவிட்டது. சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என் நேரத்துக்குள் வரவில்லை. அவருடைய வீடு, அவருடைய செற்றி, அவருடைய நேரம். அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் புகுந்திருக்கிறேன். திறப்பைத் தந்தவர் எட்டிப் பார்க்கத்தான் சொன்னார், இருக்கச் சொல்லவில்லை. அவருடைய ஹோலில் கேட்ட செருமலுக்கு நான் பயந்த அதே நாட்களில், அவர் பயந்த ஆவி நானாக இருந்திருக்கிறேன்.

"இனி நான் வெள்ளியில மட்டும் வாறன் அன்ரி" என்றேன்.

சோற்றுப் பார்சலைத் திரும்பவும் சுற்றிக் கட்டினேன். ஃபோனை மூடிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "இரும்" என்றார். "ஆனால் கதைக்கத் தேவையில்லை."

எழும்பிப் போய்த் துணியை எடுத்தேன். என் சீலைத் தலைப்பால் அந்த உருண்டை முகத்தைத் துடைத்துவிட்டேன். கண் துடைத்துவிடுவது போல இருந்தது.

அன்றிலிருந்து இருவரும் இருந்தோம். நான் போகும்போது வெளிச்சம் சிவப்பாக இருக்கும். நான் செற்றியில் இருந்து சோற்றைப் பிரிக்கும்போது நீலமாகும், ஒருமுறை செருமுவார். நானும் செருமுவேன். அவ்வளவுதான். அவர் அங்கே தன் நாளைப் பொறுக்குவார், நான் இங்கே என் நாளை. ஒருவரை ஒருவர் என்ன யோசித்தீர்கள் என்று கேட்கவில்லை. சில நாட்கள் அவருடைய மூச்சு கேட்கும். ஆளில்லாத ஹோலில், என் முதுகுக்குப் பின்னால், கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவர் மூச்சு விடுவது எனக்குக் கடைசிவரை மயிர்க்கூச்செறிவாகத்தான் இருந்தது. ஆனால் அது கேட்காவிட்டால் கண்ணை மூட மாட்டேன்.

ஒருநாள் மட்டும், "பிள்ளை, இண்டைக்கு நீர் சாப்பிடேல்லை" என்றார். உடனே, "பிழை, பிழை, கதைச்சிட்டன்" என்று தானே சொல்லிவிட்டு அடங்கிவிட்டார். அன்றைக்கு நான் முழுப் பார்சலையும் சாப்பிட்டேன்.

பிறகு வெளிச்சம் சிவப்பாகவே இருந்த நாட்கள் வந்தன. முதலில் ஒருநாள், பிறகு அடுத்தடுத்து. மகனுக்கு ஃபோன் எடுத்துக் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது? உங்கள் அம்மா என்னோடு கதைக்காமல் இருப்பார், இப்போது அதற்கும் வருகிறார் இல்லை என்றா? கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே ஃபோன் எடுத்தார். அன்ரியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். காலையில் முடிந்துவிட்டதாம்.

செத்தவீட்டுக்கு லிங்க் அனுப்பினார்கள். இப்போதெல்லாம் அப்படித்தானே, பாதிச் சனம் ஃபோனில்தான் செத்தவீட்டுக்குப் போகிறது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நின்ற விருந்தாளிகள் எல்லோருமாகச் சுற்றியிருந்து பார்க்க ஆயத்தமானார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள், என்ன சீலை உடுத்தியிருக்கிறார்கள் என்று கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விளக்கேற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டை அவர்களிடம் விட்டுவிட்டு, முன்வீட்டுக்குப் போனேன். உண்மையாகவே விளக்கை ஏற்றினேன். செற்றியில் என் மூலையில் இருந்து லிங்கைத் திறந்தேன்.

சனம் வருமுன்பே அங்கே கமராவைப் போட்டுவிட்டார்கள். பெரிய மண்டபம், வரிசை வரிசையாய் வெறும் கதிரைகள். நடுவில் அன்ரி மட்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல். முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. ஒருத்தரும் இல்லாத ஹோலில் அவர் தனியே இருந்தார்.

நான் செருமினேன்.

ஏன் செய்தேன் என்று தெரியாது. செய்துவிட்டு, ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டேன். அங்கே ஏதோ ஒரு மெஷின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து சனம் வரத் தொடங்கியது. நான் லிங்கை மூடிவிட்டேன். சனத்துக்கு நடுவில் அவரைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அப்போதுதான் அழுதேன். சாமித்தட்டில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது, நான் அழுவதை இந்த முறை யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு மகன் ஃபோன் எடுத்தார். "அக்கா, அந்தக் கமராவைக் கழட்டி விடுங்கோ. இனி ஆர் பாக்கிறது? நான் என்ர ஃபோனிலயும் அழிச்சிட்டன்" என்றார். வீட்டை என்ன செய்வதென்று பிறகு யோசிக்கலாம், அதுவரை திறப்பு என்னிடமே இருக்கட்டும் என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் கமராவின் வயரை இழுத்தேன். வெளிச்சம் அணைந்தது. செற்றியில் இருந்தேன். கொட்டாஞ்சேனைக் குளியலறையில் தொடங்கி நான் தேடியது இதுதான். பூட்டிய கதவு, ஆளில்லாத அறை, பார்க்க யாருமில்லை, கேட்க யாருமில்லை. கண்ணை மூடினேன். காலையில் நடந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மூச்சு விடுகிற சத்தம் ஒன்று கேட்டது, மூச்சைப் பிடித்தேன், அது நின்றுவிட்டது. அந்த ஹோலில் எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. சோற்றைப் பிரிக்காமலே எழும்பிவிட்டேன். வாசல்வரை போய், திரும்பி வந்து, வயரைத் திரும்பவும் குத்தினேன். கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, சிவப்பு வெளிச்சம் நிலைத்து நின்றது. அதன் பிறகு இருக்க முடிந்தது.

போன மாதம் கணவரின் பெரியம்மா கண் ஒப்பரேஷனுக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றார். கண் கட்டியிருந்ததால் காது கூர்மையாகியிருந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், "முன்வீடு பூட்டிக் கிடக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றார். "மத்தியானத்தில அங்க ஒரு பொம்பிளை செருமிற சத்தம் கேக்குது."

"காத்தாயிருக்கும்" என்றார் கணவர்.

"காத்துச் செருமுமோ?" பெரியம்மா நான் இருந்த பக்கம் திரும்பினார். "உம்மட்டயெல்லோ திறப்பு இருக்கு. நீர் சொல்லும்."

நான் சம்பலைப் போட்டுக்கொண்டிருந்தேன். "அன்ரியின்ர செருமல் அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

மேசையில் ஒரு சத்தமில்லை. என் வாழ்நாளில் எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அதன் பிறகு மத்தியானத்தில் எங்கள் வாசற்கதவை யாரும் திறப்பதில்லை. விருந்தாளிகளுக்கும் விஷயம் வாய்வழியாகப் போய்விட்டது. செருப்பைக் கையில் எடுக்கத் தேவையில்லை, ஆனாலும் பழக்கத்தில் எடுக்கிறேன்.

இன்றைக்கும் போனேன். திரைச்சீலை மூடியபடி, கோப்பைகள் அடங்கியபடி, சாமித்தட்டில் சிவப்புப் புள்ளி. என் மூலையில் இருந்து பார்சலைப் பிரித்தேன். ஒருமுறை செருமினேன். வழமைபோலப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.